வாலின் நீளம்

படிவத்தில் பதினேழு கேள்விகள்.
ஒன்பதாவது: வால் இருந்ததா? இருந்தால், நீளம்?

லிமாவிலிருந்து வந்த ஒபேத் லாரியெகா, உயிரியலாளர்,
ஸ்பானிஷில் கேட்பார்.
நான் கெச்சுவாவில் கேட்பேன்.
பதில் திரும்பும் வழியில்
சுங்கச்சாவடி நான்தான்.

யானக்கொச்சா ஏரிக்கரை. மே மாதக் குளிர்.
மூச்சை எண்ணிச் செலவழிக்கும் உயரம்.
ஏழு அல்பாக்காக்கள் போயிருந்தன.
கரைச் சேற்றில் எதையோ இழுத்த தடம்
இருந்தது, நாங்கள் வருமுன் பெய்த
ஆலங்கட்டி மழைவரை.

முதல் சாட்சி சதுர்நீனோ தித்தோ.
தொப்பியைக் கழற்றி முழங்காலில் மாட்டிக்கொண்டு
மடமடவென்று ஒப்பித்தார்:
கறுப்பு. கன்றுக்குட்டி உயரம்.
தண்ணீரிலிருந்து ஏறியது. கண் இரண்டும் லாந்தர்.
வால்? ஒன்றரை மீட்டர்,
கையை விரித்துக் காட்டினார்.
லாரியெகாவின் பேனா ஓடியது, ஓடியது.

நான் சொல்லாமல் விட்டது:
எங்கள் மொழியில் வாக்கியத்துக்கும் வால் உண்டு.
கண்ணால் கண்டதற்கு ஒரு வால்,
காதால் கேட்டதற்கு வேறு வால்,
அப்படித்தான் இருக்கும் என்ற ஊகத்துக்கு மூன்றாவது.
சதுர்நீனோவின் மிருகம்
ஏறியதாம், நின்றதாம், முறைத்ததாம்.
அந்த 'ஆம்' ஸ்பானிஷில் ஒட்டாமல் இல்லை.
மலைக்காரர்கள் நாங்கள் கடைசியில்
'என்று சொல்கிறது' என்று ஒட்டவைத்துப் பேசுவோம்.
குஸ்கோ பல்கலைக்கழகத்தில் முதல் வருடம்
அதற்காக ஒரு வகுப்பே சிரித்தது.
அன்றிலிருந்து நான் அதைச் சொல்வதில்லை.
'ஏறியது, நின்றது, முறைத்தது' என்றேன்.

இரண்டாவது, நிகானோர் உயில்க்கா.
அன்றிரவு நல்ல போதை.
தன்னைப் பற்றியே கேள்விப்பட்டவர்போலப் பேசினார்:
நான் ஏரிக்குப் போனேனாம்.
விழுந்தேனாம். என் நாயைப் பெயர் சொல்லிக்
கூப்பிட்டுக் கூப்பிட்டு அழுதேனாம்.
"யார் சொன்னது?"
"மனைவி சொன்னாள்."
லாரியெகா பேனாவை மூடினார்.
மூடிய பிறகுதான்
நிகானோரின் வாக்கியம் வால் மாறியது:
சேற்றுத் தடத்தில் கை வைத்தேன்.
சூடாக இருந்தது.
உள்ளங்கையைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டார்,
இப்போதும் ஏதோ ஒட்டியிருப்பதுபோல.
நான் மொழிபெயர்த்தேன்.
"குடித்தவனுக்கு எல்லாம் சூடுதான்"
என்றார் லாரியெகா. அதை நான்
கெச்சுவாவுக்குக் கொண்டுபோகவில்லை.

மூன்றாவது சாட்சி எவுஃப்ராசியா கொய்யோ.
மிருகத்தைப் பற்றி ஒரு சொல் இல்லை.
ஏரி மூன்று பருவமாகப் பின்வாங்குகிறது என்றாள்.
வடகரையில் தண்ணீர் பாசி நிறமானது என்றாள்.
கன்றுகள் அங்கே குடித்தன என்றாள்.
எல்லாம் கண்ணால் கண்ட வால்,
ஆணி அடித்ததுபோல.
"நீளம், உயரம் கேளுங்கள்" என்றார் லாரியெகா.
கேட்டேன்.
அவள் வேகவைத்த உருளைக்கிழங்கின் தோலை
நகத்தால் உரித்தபடி என்னைப் பார்த்தாள்.
"ருஃபினா, சந்தையில் கம்பளி விற்கிற அளவுக்கு
எனக்கும் ஸ்பானிஷ் தெரியும்.
சதுர்நீனோ கண்டதாகச் சொல்லிவிட்டாயே,
அவன் கண்டதை நீ கண்டாயா?"

"என்ன சொல்கிறார்?"

"இன்னும் கிழங்கு வேண்டுமா என்கிறார்."

அவர் சிரித்துத் தட்டை நீட்டினார்.
எவுஃப்ராசியாவும் சிரித்தாள்.
பெரிதாகப் பார்த்து இரண்டு வைத்தாள்.

கடைசிப் பக்கத்தின் அடியில் ஒரு வரி:
கேட்டது கேட்டபடி மொழிபெயர்க்கப்பட்டது.
கீழே என் கையெழுத்து. நாளுக்கு எண்பது சோல்.

ஜீப்பில் அவர் கேட்டார்,
"நீர்நாயாக இருக்குமோ?"
"இருக்கலாம்" என்றேன்.
வடகரை ஜன்னலில் வந்து போனது.
இருட்டிவிட்டது, நிறம் தெரியவில்லை.
வண்டியை நிறுத்தச் சொல்ல ஸ்பானிஷில்
ஒரே ஒரு சொல் போதும்.
சிகுவானி வரை
அது என் வாயில் இருந்தது.